இறங்கும் வழியை நான்தான் சொன்னேன்

புதுக் காலணி போட்டுக்கொண்டு மலை ஏறக்கூடாது. இதை நான் எல்லோரிடமும் சொல்வதுண்டு. குறைந்தது இரண்டு வாரமாவது வீட்டுக்குள் போட்டு நடந்து பழக்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டாவது மணி நேரத்திலேயே குதிகால் கொப்புளித்துவிடும். என் தங்கை பெட்டியைத் திறந்து புத்தம்புதுக் காலணியை எடுத்துக் காட்டியபோதும் சொன்னேன். சிரித்தாள். வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். நாற்பத்தொரு வயதாகியும் அந்தப் பெயர் அவளை விட்டுப் போகவில்லை. கடைசியில் என்னுடைய பழைய ஜோடியைக் கொடுத்தேன். எங்கள் இருவருக்கும் ஒரே அளவுக் கால். அவள் காலில் நீங்கள் பார்த்தது என் காலணிதான் மேடம். உங்கள் பட்டியலில் அவளுடையது என்று இருக்கிறது. திருத்திக்கொள்ளுங்கள்.

நான் பிசியோதெரபிஸ்ட். இருபத்திரண்டு வருஷமாக ஒரே மருத்துவமனையில் வேலை. பக்கவாதம் வந்தவர்கள், இடுப்பு எலும்பு மாற்றியவர்கள், விபத்தில் கால் நொறுங்கியவர்கள் என்று என்னிடம் வந்து நடக்கக் கற்றுக்கொண்டு போனவர்கள் ஆயிரம் பேருக்கு மேல் இருப்பார்கள். என் வேலையில் பாதி கையால் செய்வது, பாதி குரலால் செய்வது. அடுத்த அடியை எங்கே வைக்க வேண்டும் என்று ஒருவர் நிதானமாகச் சொல்லிக்கொண்டே இருந்தால், பயந்து நடுங்குகிற ஆள்கூட அடி வைத்துவிடுவார். என் குரல் அதற்கு ஏற்ற குரல் என்று எங்கள் பெரிய டாக்டரே பலமுறை சொல்லியிருக்கிறார்.

அப்பாவுக்கு நான்கு வருஷம் முன்னால் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் முழுவதும் போய்விட்டது. பேச்சும் போய்விட்டது. அவர் நீதிமன்றத்தில் தட்டச்சராக இருந்தவர். வாதம் நடக்கும்போது வக்கீலின் வாயைப் பார்த்தபடியே, விசைகளைப் பார்க்காமல் அடிப்பாராம். அந்த வலது கை இப்போது கோழிக்கால் மாதிரி மடங்கிக் கிடக்கிறது. வாலு தொலைவில் வாழ்க்கைப்பட்டவள், வருஷத்துக்கு ஒருமுறை வருவாள். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதைப் பற்றி நேற்று இரண்டு தடவை கேட்டீர்கள். அதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

பகலில் அப்பாவோடு ஓர் ஆயா இருப்பாள். மாலை ஆறு மணிக்கு அவள் கிளம்பிவிடுவாள். காலையில் நாற்பது நிமிஷம், மாலையில் நாற்பது நிமிஷம் நான் பயிற்சி கொடுப்பேன். ஆயா வருவதற்கு முன்னும், போன பின்னும்தான். பக்கத்தில் ஆள் இருந்தால் அப்பாவின் கவனம் சிதறும். விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்த வேண்டும். பிறகு மணிக்கட்டு, முழங்கை, தோள். நான்கு வருஷத்தில் ஒரு நாள்கூட விட்டதில்லை. எனக்குக் காய்ச்சல் வந்த நாளிலும் விட்டதில்லை.

இந்த முறை வாலு பத்து நாள் தங்குவதாக வந்தாள். மூன்றாம் நாள், வியாழக்கிழமை, எனக்கு மருத்துவமனையில் வேலை சீக்கிரம் முடிந்தது. நான் வீட்டுக்குள் நுழைந்தது அவர்களுக்குத் தெரியாது. ஆயாவைக் கடைக்கு அனுப்பிவிட்டு, அவளே அப்பாவைக் குளிப்பாட்டி, தலை துவட்டி, கட்டிலில் உட்கார வைத்திருந்தாள். ஏதோ பழைய கதை பேசிக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் அப்பாவின் அலுவலகத்துக்குப் போய் மை நாடாவை முழுக்க உருவிப்போட்ட கதை. அப்பா சிரித்தார். அவர் முகத்தில் பாதிதான் வேலை செய்யும், அந்தப் பாதியால் சிரித்தார். அப்புறம் வலது கையைத் தூக்கினார்.

வலது கையை, மேடம். ஒரு சாண் உயரம் இருக்கும். நடுங்கிக்கொண்டே போய் அவள் கன்னத்தைத் தொட்டது. நடுவிரலும் ஆள்காட்டி விரலும் நன்றாகவே நீண்டிருந்தன.

அது நான் உழைத்த கை. என்னிடம் அது ஒரு நூல்கூட அசைந்ததில்லை.

நான் சத்தமில்லாமல் வெளியே போய், காலிங் பெல்லை அடித்துவிட்டு மறுபடி உள்ளே வந்தேன். அப்பாவின் கை மடியில் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அன்று சாப்பிடும்போது, "ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போகலாமா?" என்று கேட்டேன். "போலாம்க்கா. நானும் உன்கிட்ட தனியா பேசணும்" என்றாள்.

எரிமலை என்று பெயர்தானே தவிர, மனிதன் பிறப்பதற்கு முன்பே அணைந்துபோன மலை அது. எங்கள் மலையேற்றக் குழுவோடு நான் முப்பது முறையாவது ஏறியிருப்பேன். காலை ஏழு மணிக்கு என் காரில் அடிவாரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கே ஒரு காவலாளி இருக்கிறார். போகிறவர் பெயரும் நேரமும் பதிவேட்டில் எழுதி, திரும்பி வரும்போது கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து இல்லாத பெயர் ஏதாவது மிச்சமிருந்தால் இருட்டுவதற்குள் ஆள் அனுப்பித் தேடுவார்கள். நல்ல ஏற்பாடு.

முதல் இரண்டு மணி நேரம் சாம்பல் சரிவு. கறுப்புச் சரளையில் இரண்டு அடி ஏறினால் ஓர் அடி சறுக்கும். வாலு மூச்சு வாங்கிக்கொண்டே பேசினாள், பேசிக்கொண்டே மூச்சு வாங்கினாள். "இதுல ஏறுறதுக்கு மாவுக் குவியல்ல ஏறலாம்க்கா" என்றாள். வழியில் குதிகால் தேய்க்கிற கல் மாதிரி ஓட்டை ஓட்டையாக ஒரு சிவப்புக் கல்லை எடுத்தாள். "பாரேன், பஞ்சு மாதிரி இருக்கு. அப்பா கையில குடுத்தா தூக்கிடுவாரு" என்று சொல்லிப் பையில் போட்டுக்கொண்டாள்.

உச்சிக்கு முன்னால் கடைசி நூறு மீட்டர் செங்குத்துப் பாறை. நிமிர்ந்து நடக்க முடியாது, கையும் காலும் சேர்த்து ஏற வேண்டும். வழி தப்பாமல் இருக்க மஞ்சள் பெயின்ட் புள்ளி வைத்திருக்கிறார்கள். வாலுவுக்கு உயரம் என்றால் சின்ன வயதிலிருந்தே பயம். நடுவில் ஓரிடத்தில் பாறையை அணைத்துக்கொண்டு, "அக்கா, என்னால முடியல" என்றாள். நான் அவளுக்குக் கீழே நின்றிருந்தேன். ஏறும்போது புதியவரை மேலே விட்டு அனுபவசாலி கீழே நிற்பதுதான் முறை. இறங்கும்போதும் அனுபவசாலிதான் கீழே நிற்க வேண்டும்.

"வலது காலைத் தூக்கு. முழங்கால் உயரத்துல ஒரு பிளவு இருக்கு. அதுல நுனிக்கால வை. எடையை அதுல போடு. இப்போ இடது கை மேல."

நான் சொன்னபடியே செய்தாள். அவள் குதிகாலைப் பிடித்து இரண்டு முறை நானே சரியான இடத்தில் வைத்தேன். உச்சிக்குப் போனதும் என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். "நீ இல்லன்னா நான் செத்திருப்பேன்க்கா" என்றாள். பதினொன்றரை மணி இருக்கும்.

மேலே எரிமலையின் வாய் ஒரு பெரிய கிண்ணம் மாதிரி இருக்கிறது, உள்ளே புல் முளைத்திருக்கிறது. வாலு கிண்ணத்துக்குள் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். நான் வடக்கு விளிம்புக்கு நடந்து போனேன். அங்கே ஒரு பிளவு கீழே இறங்குகிறது. வரைபடத்தில் அதன்மேல், போகக்கூடாது என்று சிவப்புக் கோடு போட்டிருப்பார்கள். எட்டு வருஷம் முன்னால் கயிறு கட்டி நாங்கள் மூன்று பேர் அதில் இறங்கியிருக்கிறோம். பத்து மீட்டர் இறங்கியதும் ஒரு கல் இருக்கிறது. பார்த்தால் வீட்டுப் படி மாதிரி தட்டையாக, அழகாக இருக்கும். ஆனால் அடியில் பிடிமானம் கிடையாது. கைத்தடியால் தட்டினால் பல் ஆடுவது மாதிரி ஆடும். நான் இறங்கிப் போய்த் தட்டிப் பார்த்தேன். ஆடியது.

இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அவள் அப்பாவைப் பற்றிப் பேசத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். கோபத்தில் செய்தாயா என்று கேட்டீர்கள். எனக்குக் கோபமே வராது. மருத்துவமனையில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

ரொட்டியும் வேகவைத்த முட்டையும் கொண்டு போயிருந்தேன். சாப்பிட உட்கார்ந்ததும் சொன்னாள்.

"அக்கா, அப்பாவை நான் கூட்டிட்டுப் போறேன்."

"எங்கே?"

"எங்க வீட்டுக்கு. அவர்கிட்டயும் பேசிட்டேன். சரின்னுட்டார். கீழ ரூம் காலியாத்தான் இருக்கு." அவள் வீட்டுக்காரர் நல்ல மனிதர், எதற்கும் சரி என்றுதான் சொல்வார்.

"அங்க யாரு பயிற்சி குடுப்பா?"

அவள் முட்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். "அப்பாவோட அக்குள்ள, தொடையில எல்லாம் கன்னிப்போயிருக்கு. கிள்ளின மாதிரி. சுண்டு விரல் கோணலா ஒட்டியிருக்கு. அது என்னக்கா?"

"தசை இறுகினா அப்படித்தான். வலியில்லாம சரியாகாது."

"ஆயாகிட்ட கேட்டேன். சில நாள் காலையில வரும்போது அப்பா பசியில தலகாணி உறையை மென்னுட்டு இருக்காராம்."

அதற்கும் விளக்கம் சொன்னேன். ஒத்துழைக்காத நாளில் சாப்பாட்டைத் தள்ளிப்போடுவேன். பசி இருந்தால் உடம்பு சொன்ன பேச்சைக் கேட்கும். சுண்டு விரல் இரண்டு தடவை முறிந்தது உண்மை. இரண்டு தடவையும் நானே கட்டுப் போட்டேன், வேறு யாரையும் தொந்தரவு செய்யவில்லை. அவர் சத்தம் போடுவார், அதனால் ஜன்னலை மூடிவிட்டுத்தான் செய்வேன். சில நாள் வாயில் துண்டு வைக்க வேண்டியிருக்கும். பல்லால் நாக்கைக் கடித்துக்கொள்ளக்கூடாது பாருங்கள். இதையெல்லாம் ஒரு நோயாளியின் உறவினருக்குச் சொல்வது மாதிரி பொறுமையாகச் சொன்னேன்.

வாலு கேட்டுக்கொண்டே இருந்தாள். அவள் முகம் வெளுத்துக்கொண்டே போனது. கடைசியில், "அவர் உன் காலடி சத்தம் கேட்டாலே கண்ணை மூடிக்கிறாருக்கா" என்றாள்.

"அது கவனத்தைக் குவிக்கிறது."

"அது பயம்க்கா."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உன்னை ஒண்ணும் சொல்லல. நீ தனியாக் கிடந்து கஷ்டப்பட்டுட்டே. போதும். கொஞ்ச நாள் ஓய்வெடு" என்றாள். என் தோளைத் தட்டிக்கொடுத்தாள். நான் நோயாளிகளைத் தட்டிக்கொடுக்கிற அதே மாதிரி.

பன்னிரண்டரை மணிக்குக் கிளம்பினோம். "வந்த வழியில இறங்குறது உனக்குப் பயமா இருக்கும். வடக்குப் பக்கம் சுலபம். நீ முன்னால போ, நான் மேல இருந்து பார்த்துச் சொல்றேன்" என்றேன். "பையை எங்கிட்ட குடு. முதுகுல கனம் இருந்தா தடுமாறும்." கொடுத்தாள். அவள் தண்ணீர், கைபேசி, விசில் எல்லாம் அதில்தான் இருந்தன.

என் பையில் எப்போதும் முப்பது மீட்டர் கயிறு இருக்கும். சனிக்கிழமை மாலையே அதை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டேன். எடை குறையட்டும் என்று எடுத்ததாக முதல் நாள் உங்களிடம் சொன்னேன். அது சரியில்லை. கயிறு இருந்தால் கட்டச் சொல்லுவாள், அதனால்தான் எடுத்தேன்.

பாறையைப் பார்த்தபடி, எனக்கு முதுகைக் காட்டாமல், பின்பக்கமாக இறங்கினாள். நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். வலது கால் ஓர் அடி கீழே. நல்லா இருக்கு. இடது கை அந்த வளைவுல. மூச்சு விடு. பத்து மீட்டரையும் நன்றாகவே இறங்கினாள். கீழே பார்க்க வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். அதனால் என் முகத்தையே பார்த்துக்கொண்டு இறங்கினாள்.

"இப்போ இடது காலை இறக்கு. அகலமா ஒரு படி இருக்கு."

"எங்கக்கா? தட்டுப்படல."

"இன்னும் கொஞ்சம். ஆங், அதுதான். இப்போ முழு எடையும் அதுல போட்டு, கையை விட்டுடு."

போட்டாள். விட்டாள்.

ஏழு மீட்டர் இருக்கும். கல்லும் அவளும் சேர்ந்தே போனார்கள். கல் போய்க்கொண்டே இருந்தது, அவள் ஒரு விளிம்பில் தங்கிவிட்டாள். நான் அதை எதிர்பார்க்கவில்லை. அந்த விளிம்பு எனக்கு ஞாபகத்திலேயே இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து, "அக்கா" என்று கூப்பிட்டாள்.

"எங்க வலிக்குது?" என்று கேட்டேன். அது பழக்கம்.

"காலு. தொடை. எலும்பு வெளியில தெரியுதுக்கா."

"ரத்தம் பீறிட்டு வருதா, கசியுதா?"

"கசியுது."

கசிந்தால் நேரம் பிடிக்கும். நான் ஒரு தட்டையான பாறையில் உட்கார்ந்தேன். ஒரு முட்டை மிச்சம் இருந்தது, அதைச் சாப்பிட்டேன். அவள் ஃபோன் பண்ணு என்றாள். தண்ணீராவது போடு என்றாள். போட்டிருக்கலாம். போட்டால் அவள் கஷ்டம்தான் நீளும் என்று தோன்றியது. நான் பதில் சொல்லாமல் இருந்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் எப்போதுமே என்னைவிடக் கெட்டிக்காரி.

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்க்கா. அப்பா உன்கிட்டயே இருக்கட்டும். சத்தியமா சொல்ல மாட்டேன்."

அதுதான் எனக்கு வருத்தமாக இருந்தது மேடம். அவ்வளவு பொறுமையாக விளக்கிச் சொன்ன பிறகும், மறைக்க வேண்டிய ஏதோ ஒன்றை நான் செய்ததாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஒன்று நாற்பது வரை இருந்தேன். அதற்கு மேல் இருந்தால் ஆறு மணிக்குள் வீட்டுக்குப் போக முடியாது. அவள் குரல் அப்போதும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. பெரும்பாலும் என்னைக் கூப்பிட்டாள், இடையில் ஒருமுறை அப்பாவைக் கூப்பிட்டாள். மஞ்சள் புள்ளி வழியாக இறங்கினேன். பதிவேட்டில் என் பெயருக்கு எதிரே கையெழுத்துப் போட்டேன். அவள் பெயருக்கு எதிரேயும் போட்டேன். "அந்தம்மா எங்கே?" என்று காவலாளி கேட்டார். "காருல படுத்திருக்கா, கால் வலி" என்றேன். அவர் சிரித்தார். அவர் மேல் தப்பில்லை, அவரை வேலையை விட்டு நீக்க வேண்டாம்.

ஐந்து இருபதுக்கு வீடு. ஆயா போனதும் அப்பாவுக்குப் பயிற்சி கொடுத்தேன். அன்று சற்று நீளமாகவே கொடுத்தேன். வலது கையைத் தூக்கச் சொன்னேன். தூக்கவில்லை. வியாழக்கிழமை தூக்கினதை நான் பார்த்தேன் என்று சொன்னேன். அழுதார், ஆனால் தூக்கவில்லை.

திங்கட்கிழமை அவள் வீட்டுக்காரர் கூப்பிட்டார். பழைய சினேகிதி வீட்டுக்குப் போயிருக்கிறாள், கைபேசியில் சார்ஜ் இருக்காது என்றேன். அவர், "சரிங்க அண்ணி" என்றார். அவள் கைபேசியை அணைத்து என் மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன். செவ்வாய்க்கிழமை கல் பொறுக்க வந்த கல்லூரி மாணவர்கள் அவளைக் கண்டுபிடித்தார்கள்.

டாக்டரின் அறிக்கையை நீங்கள் எனக்குப் படித்துக் காட்டினீர்கள். திங்கள் காலை வரைக்கும் உயிர் இருந்திருக்கலாம் என்று எழுதியிருந்தார். விழுந்த இடத்திலிருந்து விளிம்போடு பதினைந்து மீட்டர் ஊர்ந்திருக்கிறாள், நகமெல்லாம் பெயர்ந்திருக்கிறது என்றும் இருந்தது. அதைப் படிக்கும்போது உங்கள் குரல் மாறியது. எனக்கு ஆச்சரியமாக இருந்தது. தொடை எலும்பு முறிந்து பதினைந்து மீட்டர் என்பது என் தொழிலில் நான் கேள்விப்படாத ஒன்று. என்னிடம் வந்திருந்தால் ஆறு மாதத்தில் நடக்க வைத்திருப்பேன்.

ஆக, விபத்து என்று போன வாரம் நான் கொடுத்த வாக்குமூலத்தைக் கிழித்துவிடுங்கள். என் தங்கையை நான் கொன்றேன். கல்லைத் தேர்ந்தெடுத்தது நான், கால் வைக்கச் சொன்னது நான், ஆள் வராமல் பார்த்துக்கொண்டது நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். இதை இப்போது ஏன் சொல்கிறாய் என்று கேட்டீர்கள். சொல்லிவிட்டால் உங்கள் வேலை சீக்கிரம் முடியும். நீங்கள் என்னை இங்கே உட்கார வைத்து ஆறு நாள் ஆகிறது. ஆறு நாளாக அப்பாவுக்குப் பயிற்சி கிடையாது. நீங்கள் அவரைச் சேர்த்திருக்கிற ஆஸ்பத்திரி வார்டில் இருக்கிற நர்சுகள் சின்னப் பெண்கள், இளகின மனசு, அழுதால் விட்டுவிடுவார்கள். நான்கு வருஷ உழைப்பு வீணாகிவிடும். தினமும் ஒரு மணி நேரம் மட்டும் என்னை அங்கே அழைத்துப்போக முடியுமா என்று உங்கள் மேலதிகாரியிடம் கேளுங்கள். கைவிலங்கோடு வேண்டுமானாலும் வருகிறேன்.

காலையில் நர்ஸ் சொன்னதாக நீங்கள் சொன்னீர்களே, அதை யோசித்துக்கொண்டே இருக்கிறேன். பெரிய மகளை அழைத்துவரட்டுமா என்று அப்பாவிடம் கேட்டார்களாம். நான்கு வருஷமாக ஒரு சொல் வராத வாயிலிருந்து, தெளிவாக, இரண்டு தடவை, "வேண்டாம், வேண்டாம்" என்று வந்ததாம். வலது கையைத் தூக்கி ஆட்டினாராம். வார்டே கைதட்டியதாமே. எனக்கு எவ்வளவு நிறைவாக இருக்கிறது தெரியுமா மேடம். அப்பா எப்போதும் இப்படித்தான். இந்த வெயிலில் எனக்கு எதற்கு அலைச்சல் என்று நினைத்திருப்பார்.